மறுமுனை

மகள் ஆதிரையின் பள்ளிப் பேருந்து கன்டோன்மென்ட் கேட்டைத் தாண்டித் திரும்பும் வரைக்கும் கையசைத்துவிட்டு ஆவுடை மாடியேறி வந்து, கதவைச் சத்தம் வராமல் சாத்தி, பின்பக்கத்துப் பால்கனியில் துணி வாளிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். மணி ஏழரை. தண்ணீர் எட்டு மணி வரைக்கும்தான் வரும். குழாயை முழுக்கத் திறந்தால் அது கனைக்கிற கனைப்பில் உள்ளே தூங்குகிற அத்தான் எழுந்துவிடுவார் என்று விரல் கனத்துக்கு மட்டும் திறந்துவைத்தாள். தூங்கட்டும், பதினோரு மாதத்துத் தூக்கம். நேற்றுச் சாயங்காலம்தான் மேலேயிருந்து லீவில் இறங்கி வந்திருக்கிறார். மேலே என்றால் எங்கே என்று அவர் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. பனி கிடக்கிற இடம், நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிற இடம், அவர் வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற இடம், அவ்வளவுதான் தெரியும். யூனிட் மேலே போனபோது குடும்பங்கள் இங்கேயே பதான்கோட்டில் தங்கிக்கொள்ளலாம் என்றார்கள், தங்கினாள். வாளிக்குள் அவருடைய காலுறைகள் ஊறிக் கறுப்பாய்ச் சாயம் விட்டன. சாயம் இல்லை அது, மண்ணெண்ணெய்ப் புகை, கூடாரத்துக்குள் இரவும் பகலும் எரிகிற அடுப்பின் கரி. மூன்று தண்ணீர் மாற்றியும் வாசனை போகவில்லை. கழுத்திலும் அதே வாசனை இருந்தது, அவர் கிட்டே வந்தபோது ஒரு நொடி யாரோ என்று இருந்தது, அந்த நொடியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது, சொந்த அத்தை மகன், சின்ன வயதில் ஒரே கிணற்றில் குதித்தவர், கல்யாணமாகிப் பத்து வருஷம், யாரோ என்றா தோன்றும்? சாப்பிடும்போதுதான் சொன்னார். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "லீவு முடியுத அன்னைக்கு உன்னையும் பிள்ளையையும் ஊர்ல கொண்டு போய் விட்டுட்டுப் போயிருதேன். குவாட்டர்ஸை ஒப்படைச்சிருவோம்." அதற்கு அவள் சொன்ன பதில், ரசம் ஊத்தட்டுமா. ஊத்து என்றார். ஊற்றினாள். கொண்டு போய் விட்டுவிட்டு. ஒரு பெட்டியைக் கொண்டு போய் விடலாம், ஆட்டுக்குட்டியைக் கொண்டு போய் விடலாம். அவர் அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார், ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அவளே சொல்வாள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டுவிட்டு வருகிறேன் என்று. ஆனாலும் அந்தச் சொல் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. விழுங்கினால் இறங்கவில்லை, இருமினால் வரவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் ரயிலிலிருந்து இறங்கியபோது அவளைக் கொண்டு வந்து விட்டதாகத்தான் இருந்தது. இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளை, கையில் சங்கரன்கோவிலிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மிளகாய்ப் பொடி, வாயில் ஒரு வார்த்தை இந்தி கிடையாது. பால்காரர் வந்து கல் என்றார். அவள் கல்லா, என்ன கல் என்று வாசற்படியைச் சுற்றிப் பார்த்தாள். அவர் மறுபடியும் கல், கல் என்று கையைத் தோளுக்குப் பின்னால் காட்டினார், பிறகு முன்னால் காட்டினார், கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் அத்தான் வந்து சிரித்தார், நேற்றும் கல்தான், நாளையும் கல்தான், நீயாப் பார்த்துப் புரிஞ்சுக்கிடணும் என்றார். நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த ஜனங்கள் எப்படித்தான் குழம்பாமல் காலம் தள்ளுகிறார்களோ என்று அன்றைக்கு ஆச்சரியமாக இருந்தது. இப்போது யோசித்துக்கூடப் பார்ப்பதில்லை, வாய் தானாகவே சொல்லிவிடுகிறது. பெயரைக் கேட்ட பக்கத்து வீட்டு குர்ப்ரீத் ஆவுடை என்று சொல்லிப் பார்த்துத் திணறி ஆடி என்றாள், அந்தப் பெரிய கார் பெயர்தானே என்றாள், அன்றிலிருந்து பிளாக் முழுக்க ஆடி பாபி. பாபி என்றால் மதினி. ஊரில் அவளை மதினி என்று கூப்பிட ஆள் கிடையாது, அத்தான் ஒரே பிள்ளை, இங்கே அறுபது வீட்டுக்கு மதினி. அம்மாவிடம் போனில் சொன்னபோது, அது என்னட்டி பேரு, ஆடி மாசமாவது ஆவணி மாசமாவது என்றாள். அம்மாவுக்கு இங்கே எதுவும் பிடிக்காது. குளிர் பிடிக்காது, கோதுமை பிடிக்காது, ஒரே ஒரு தடவை வந்தவள் பத்து நாளும் கம்பளிக்குள்ளேயே இருந்துவிட்டுப் போனாள், போகும்போது, இந்த வனாந்தரத்துல எப்படிட்டி கெடக்கே என்று அழுதாள். ஆவுடையும் அழுதாள். பிறகு ஆட்டோ திரும்பியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேஸ் சிலிண்டருக்குப் பதிய ஓடினாள், ஓடும்போதே அழுகை நின்றுவிட்டது, அது அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது.

குழாய்த் தண்ணீர் இன்னும் கொஞ்சம் மெலிந்தது. சட்டையின் காலரைத் தேய்த்தாள். கால் நூற்றாண்டு சொல்லிக் கொடுத்தாலும் வராத பேச்சு ஒரே நாளில் வந்துவிடும் என்று யார் நினைத்தது. ஆதிரைக்கு மூன்று வயதில் காய்ச்சல் தலைக்கேறி உடம்பு வெட்டி இழுத்த அன்றைக்கு, செருப்பில்லாமல் மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், மத்தியான வெயில், தார் ரோடு, உள்ளங்கால் கொப்பளித்தது மறுநாள்தான் தெரிந்தது. அங்கே டாக்டரிடம் எல்லாம் சொன்னாள், எப்போது ஆரம்பித்தது, எத்தனை நிமிஷம் இழுத்தது, என்ன மருந்து கொடுத்தாள், எல்லாம் இந்தியில். ஆண்பாலும் பெண்பாலும் தலைகீழாக, முன்னது பின்னது தெரியாமல், ஆனால் டாக்டருக்குப் புரிந்தது, பிள்ளை பிழைத்தது. அதற்குப் பிறகு கூச்சம் போய்விட்டது. தப்பாகப் பேசினால் தப்பாகப் பேசியதுதான். குர்ப்ரீத்தின் மகள் கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்தபோது, நான் பி.எஸ்ஸி கணக்கு, கொண்டா பார்ப்போம் என்று உட்கார்ந்தாள், பின்னத்தை ரொட்டி பிய்த்துச் சொல்லிக் கொடுத்தாள், அந்தப் பிள்ளை பாஸானது, அடுத்த மாதம் நாலு பிள்ளைகள், அப்புறம் பதினொன்று. போன வாரம் கேட்டுக்கு வெளியே இருக்கிற சின்னப் பள்ளிக்கூடத்துப் பிரின்சிபல் மேடம் கூப்பிட்டு, ஜூலையிலிருந்து ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாயா என்று கேட்டார்கள். எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். யாரையும் கேட்காமல் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வருகிற வழியில்தான், அத்தானிடம் கேட்கவில்லையே என்று உறைத்தது, உறைத்த பிறகும் பயம் வரவில்லை, பயம் வரவில்லையே என்றுதான் பயமாக இருந்தது. நேரில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். நேற்று வந்ததும் அத்தான் கதவுக்கு முன்னால் நின்றார். தாழ்ப்பாளை அவள் மாற்றியிருந்தாள், பழையது துருப்பிடித்து விழுந்துவிட்டது, இது தூக்கி அழுத்தித் திருப்புகிற தாழ்ப்பாள். உள்ளே வந்து, தானே பூட்டுகிறேன் என்று இழுத்தார், வரவில்லை, அழுத்தினார், வரவில்லை. ஆதிரை போய், அப்பா இப்படி என்று ஒரு நொடியில் பூட்டினாள். அவர் சிரித்தார். சிரிப்பதற்கு முன்னால் முகத்தில் ஒன்று வந்து போனது, அதை அவள் பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். அதற்காகத்தான் ஊருக்குப் போகச் சொல்கிறாரா? தன் வீட்டுத் தாழ்ப்பாள் தனக்குத் தெரியவில்லை என்றா? இல்லை, அத்தான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று எப்படித் தெரியும், பதினோரு மாதமாக வாரத்துக்கு ஒரு போன், அதுவும் காற்றுச் சத்தம் பாதி, சாப்பிட்டியா, பிள்ளை படிக்குதா, குளிரா. அவள்தான் முன்பு மாதிரி இருக்கிறாளா? முதல் மாதம் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலில் நின்று அவரையே நினைத்துக்கொண்டிருப்பாள். இப்போது ஆறு மணிக்குப் பிள்ளைகள் பின்னமும் தசமமுமாக ஹாலில் உட்கார்ந்திருக்கும், நினைக்க நேரமிருக்காது. நினைக்காமல் ஒரு நாள் போய்விட்டால் மறுநாள் சாமி படத்துக்கு முன்னால் இரண்டு நிமிஷம் கூடுதலாக நிற்பாள், கடனை அடைப்பது போல. ஆசை குறைந்துவிட்டதா என்று கேட்டுப் பார்ப்பாள். குறையவில்லை. இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இதையெல்லாம் எந்த வார்த்தையில் சொல்வது? இந்தியிலும் வராது, தமிழிலும் வராது.

போர்வையை எடுத்து நனைத்தாள். எதிர் பிளாக்கின் முதல் மாடி ஜன்னலில் இப்போது யாரோ புதுக் குடும்பம், மஞ்சள் திரை போட்டிருக்கிறார்கள். அங்கேதான் மினதி இருந்தாள். ஒடிசாக்காரி, இருபத்துமூன்று வயது, கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அவளுக்கும் இந்தி வராது, ஆவுடைக்கு ஒடியா வராது, இரண்டு பேரும் ஒடிந்த இந்தியும் கையும் கண்ணும் சேர்த்து ஒரு பாஷை செய்துகொண்டார்கள், அதில் மணிக்கணக்காகப் பேசினார்கள், அரிசிச் சோறு தின்னுகிறவர்கள் என்ற ஒரே ஒட்டு போதுமாக இருந்தது. அவள் புருஷன் பீதாம்பரும் அத்தானும் மேலே ஒரே போஸ்ட். ஜனவரியில், எதிர்த்த பிளாக்கே தெரியாத மூடுபனியில், காலை பதினோரு மணிக்கு மேஜர் வீட்டு மேடம் கதவைத் தட்டினார்கள். ஆவுடை கதவைத் திறந்து அவர்கள் முகத்தைப் பார்த்தாள். மேடம் அவசரமாக, உனக்கில்லை, உனக்கில்லை ஆடி, உன் புருஷன் நன்றாயிருக்கிறார் என்று கையைப் பிடித்தார்கள். அப்பாடா என்று நெஞ்சு ஒரு மூச்சு விட்டது. அந்த மூச்சை அவள் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. மினதிக்கு, என்றார்கள் மேடம், நீ என்கூட வா, உன் பேச்சுதான் அவளுக்குப் புரியும். மைதானத்தைத் தாண்டி நடந்தார்கள். அவ்வளவு கொஞ்ச தூரம் அவ்வளவு நேரம் எப்படி ஆனது என்று தெரியவில்லை. மினதி ஈரக் கையோடு கதவைத் திறந்தாள், அடுப்பில் உலை வைத்திருந்தாள், மேடத்தைப் பார்த்துவிட்டு ஆவுடையைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூச்சுப்பையில் நீர் கோத்துக்கொண்டதாம், இரண்டு நாளாக ஹெலிகாப்டர் இறங்க முடியாத வானிலையாம். மினதி அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பக்கத்தில் யாராவது இருந்தார்களா? எல்லோரும் இருந்தார்கள் என்றார்கள் மேடம். அவள் நம்பவில்லை. அப்படித்தானே சொல்வார்கள். ஆவுடையின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே கேட்டாள், பக்கத்தில் யாராவது, பக்கத்தில் யாராவது. ஆவுடைக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் அவளோடு இருந்தாள், அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள், காகிதங்களைப் படித்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கினாள், வீட்டைப் பெட்டியில் அடுக்கினாள், தலைசீவிவிட்டாள், வாயில் சோறு ஊட்டினாள். இந்தக் கை யாருடையது என்று இருந்தது. நாலு நாள் கழித்து அத்தான் போன் வந்தது. பீதாம்பர் என்று ஆரம்பித்தார். தெரியும் என்றாள். பிறகு இரண்டு பக்கமும் காற்று மட்டும் கேட்டது. பிள்ளை படிக்குதா என்றார். படிக்குது என்றாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவர்கள் அதைப் பேசவில்லை. ஆனால் தெருவில் ராணுவ ஜீப் மெதுவானால், செய்தியோ என்று அவள் கை வேலையை நிறுத்திவிடும், ஜீப் போகும், கை மறுபடி தொடங்கும். ஒரு நாள் அவளே துணிந்து தன்னைக் கேட்டுக்கொண்டாள், அந்த ஜீப் நின்றால் நீ எங்கே இருக்க விரும்புவாய்? ஊரில் என்றால் அழ ஐம்பது பேர் இருப்பார்கள், அத்தை தரையில் விழுவாள், அம்மா மாரில் அடித்துக்கொள்வாள், யாராவது அவள் கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள், எழுந்திருக்கவே விட மாட்டார்கள். இங்கே என்றால் குர்ப்ரீத் வருவாள், மேடம் வருவார்கள், பிறகு அவள்தான் எழுந்திருக்க வேண்டும். இங்கே, என்று பதில் வந்தது. யோசிக்காமல் வந்தது.

குழாய் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. எட்டு மணி. அந்த அமைதியில்தான் பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது.

"என்னை எழுப்பியிருக்கலாம்லா," என்றார் அவள் அத்தான் இசக்கிராஜ். கண் இன்னும் சிவந்திருந்தது. முகத்தில் பனி சுட்ட தோல் திட்டுத் திட்டாக உரிந்திருந்தது. வாளியிலிருந்து போர்வையின் ஒரு முனையைத் தானே எடுத்துக்கொண்டார். மறுமுனையை அவள் பிடித்தாள். இரண்டு பேரும் எதிரெதிராக நின்று முறுக்கினார்கள். தண்ணீர் சலசலவென்று இறங்கியது.

"அத்தான், நான் ஊருக்குப் போகல."

அவர் கை நின்றது. அவள் நினைத்துவைத்திருந்த பீடிகை, பிரின்சிபல் மேடம், ஜூலை, பிள்ளையின் படிப்பு, எதுவுமே வரவில்லை. இது மட்டும்தான் வந்தது.

"இங்க உனக்கு ஒண்ணுன்னா யாரு இருக்கா?" என்றார்.

"எனக்கு ஒண்ணுன்னாவா, உங்களுக்கு ஒண்ணுன்னாவா?"

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள். அது போய் மறைந்தது. பிறகு போர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பீதாம்பர் போன அன்னைக்குக் கீழ செய்தி அனுப்புனது நான்தான். வயர்லெஸ்ல அன்னைக்கு என் டூட்டி. பேரு, நம்பரு, நேரம், எல்லாம் என் வாயால சொன்னேன். எத்தனையோ செய்தி அனுப்பியிருக்கேன், அது எங்க போகுதுன்னு நெனைச்சதே கிடையாது. அன்னைக்கு எங்க போகுதுன்னு தெரியும்லா. நம்ம எதுத்த வீடு. அந்தப் பொண்ணு தனியா இருக்குமேன்னு... நாலு மாசமா கண்ண மூடுனா இதுதான்ட்டி. கதவத் தட்டுதாங்க. திறக்கது அந்தப் பொண்ணு இல்ல, நீ. பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல. அதான் ஊர்ல சனத்தோட இருக்கட்டும்னு சொன்னேன். வேற என்னத்துக்குச் சொல்லப் போறேன்?"

"அவ தனியா இருந்தான்னு யாரு சொன்னா? நான் இருந்தேன்."

"நீயா?"

"மேடம் கூட நான்தான் போனேன். ரெண்டு நாளும் நான்தான் கூட இருந்தேன்."

இசக்கிராஜ் அவளைப் பார்த்தார். வந்ததிலிருந்து இப்போதுதான் பார்க்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் மேலே நின்று அனுப்பியதை இவள் கீழே நின்று கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள், இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக அதைச் சுமந்துகொண்டு, சாப்பிட்டியா, குளிரா என்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"ஏன்ட்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க அங்க இருக்கும்போது எப்படிச் சொல்ல?"

அவர் போர்வையைக் கொடியில் போட்டார். சுருங்கலாகப் போட்டதை அவள் இழுத்துவிட்டாள். "என்ன சொல்லுச்சு அந்தப் பொண்ணு?" என்றார் தாழ்ந்த குரலில்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. பக்கத்துல யாராவது இருந்தாங்களான்னு. எனக்குத் தெரியல, அத்தான். நான் பதில் சொல்லல."

அவர் பால்கனிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "தல எம் மடியிலதான் இருந்துச்சு. மூச்சு நிக்குத வரைக்கும் என் மடியிலதான் வச்சிருந்தேன், பொறவுதான் வயர்லெஸ்ல போய் உக்காந்தேன். அவன் ஊர்க் குளத்தப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தான். மீனு பேரா வரிசையா சொன்னான். ரோகு, கட்லா, மாகூர், இன்னும் என்னென்னவோ. எனக்குப் பாதி புரியல, ஆமா ஆமான்னுக்கிட்டு இருந்தேன். வலியில்லாமத்தான் போனான். மூச்சு மட்டும்தான்... பேசிக்கிட்டேதான் இருந்தான்."

ஆவுடை ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். உள்ளே போய்ப் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். மினதியின் எண்ணைத் தேடி அழுத்தி நீட்டினாள்.

"இப்பமா? நான் என்னத்தட்டிச் சொல்ல?"

"எங்கிட்ட சொன்னதச் சொல்லுங்க. மீன் பேரச் சொல்லுங்க."

மணி போய்க்கொண்டிருந்தது. அவர் போனைக் காதில் வைத்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. ஹலோ என்றார், தன் பெயரைச் சொன்னார், யூனிட்டைச் சொன்னார். அதன் பிறகு எளிய இந்தியில் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். ஆவுடை காலுறைகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டாள். அவர் என்ன பேசினார் என்று காது கொடுக்கவில்லை. அது அவளுக்கான பேச்சு இல்லை. வெயில் மைதானத்தைத் தாண்டி வந்து எதிர் பிளாக்கின் சுவரில் ஏறியது. தூரத்தில் மலைகள் தெளிவாகத் தெரிந்தன, உச்சியில் இன்னும் வெள்ளை இருந்தது. ஒரு தடவை அவர் குரல் உடைந்தது, நின்றது, மறுபடி பிடித்துக்கொண்டது. இருபது நிமிஷம் இருக்கும். அவர் வந்து போனை நீட்டினார். முகம் முழுக்க நனைந்திருந்தது, துடைக்கவில்லை.

"உங்கிட்ட பேசணுமாம்."

போனில் மினதி அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்கு அழாத அழுகை. ஆவுடை கேட்டுக்கொண்டிருந்தாள். அது குறைந்து, மூக்கை உறிஞ்சி, ஒரு பெருமூச்சு விட்டு, அவர்கள் இரண்டு பேருக்கு மட்டுமே புரிகிற அந்த ஒடிந்த பாஷையில் மினதி கேட்டாள், ஆடி அக்கா, அவர் வந்துவிட்டாரே, நீ இனிமேல் உன் ஊருக்குப் போய்விடுவாயா, நான் எப்போதாவது அந்தப் பக்கம் வந்தால் இருப்பாயா?

இசக்கிராஜ் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும். ஆவுடை அவரைப் பார்த்துக்கொண்டே, அவருக்கும் புரியட்டும் என்று நல்ல இந்தியில் சொன்னாள். இங்கேதான் இருப்பேன். ஜூலையிலிருந்து பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். நீ வா.

கணக்கு என்ற இடத்தில் அவர் புருவம் உயர்ந்தது. ஆனால் போன் வைத்து முடியும் வரைக்கும் அவர் குறுக்கே பேசவில்லை. வைத்ததும், "எந்தக் கிளாஸுக்கு?" என்று கேட்டார்.